பாடபேதம் இல்லாத வானம்

ராஜபாளையத்தில் ஒரு மொட்டைமாடி. வீட்டுக்காரர் பள்ளி ஆசிரியர், பௌதிகம் சொல்லித்தருகிறவர். பல வருஷப் பழக்கத்தில் எனக்கு அண்ணாச்சி. பாங்க் லோன் மாதிரி சிறுகச் சிறுகக் கட்டி, 80 மில்லிமீட்டர் லென்ஸ் உள்ள ஒரு சின்னத் தொலைநோக்கி வாங்கி வைத்திருக்கிறார். தை மாதத்தில் ஆறு ராத்திரி கண்விழித்து ஓரியன் நெபுலாவைப் படம் எடுத்தார். கொடைக்கானல் பக்கத்து மலைக்கிராமம் ஒன்றிலிருந்து அவருடைய சிநேகிதர் எட்டங்குலக் கண்ணாடித் தொலைநோக்கியில் அதே நெபுலாவை எடுத்தார். இரண்டையும் கம்ப்யூட்டரில் ஒன்றாக்கிய படத்தைப் பார்க்க என்னைக் கூப்பிட்டிருந்தார்.

படம் அழகாகத்தான் இருந்தது. நான் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன், தமிழ் எம்.ஏ. வானம் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பாசுரங்கள் வழியாகத் தெரிந்ததுதான். ஆகவே என் வாயில் வந்தது ஒரு பதிப்பாசிரியன் கேட்கக்கூடிய கேள்வி.

“இதுல எது நம்ம ஊர் வானம், எது மலை வானம் அண்ணாச்சி?”

“அதெப்படித் தம்பி பிரிச்சுச் சொல்ல? கலந்தாச்சுல்லா. நடுவுல நம்ம படத்துக்கு வெயிட் கிட்டத்தட்ட சைபர். ஓரத்துல போனாத்தான் நம்ம ஆளு தெரிவான்.”

இந்தக் கட்டுரை அந்தப் பதிலிலிருந்துதான் பிறக்கிறது. ஓரத்தில் மட்டும் தெரிகிற ஆள் யார், அவனுடைய எடையை யார் தீர்மானிக்கிறார்கள் என்பது நம் பத்திரிகைகளில் முப்பது வருஷமாகப் பேசிவரும் விஷயம். ஒரு வானப்படத்தில் அது கணக்காகவே போடப்பட்டிருக்கிறது என்பது எனக்குப் புதிது.

வேலை எப்படி நடக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு தொலைநோக்கிகளின் குவியதூரம் வேறு, ஆகவே படத்தின் அளவு வேறு. கேமரா திரும்பியிருக்கும் கோணமும் வேறு. முதலில் இரண்டு படத்திலும் உள்ள நட்சத்திரங்களை முக்கோணம் முக்கோணமாக இனம்கண்டு, ஒன்றை நீட்டியோ சுருக்கியோ திருப்பியோ மற்றதன்மேல் உட்கார வைக்க வேண்டும். பிறகு பின்னணி வெளிச்சத்தைச் சமன் செய்ய வேண்டும். மில்லு விளக்கும் தெருவிளக்கும் உள்ள ராஜபாளையத்து ராத்திரி மலை ராத்திரி மாதிரிக் கருப்பாக இருக்காது. சின்ன லென்ஸில் நட்சத்திரப் புள்ளி பருத்துத் தெரியும், பெரிய கண்ணாடியில் சிறுத்துத் தெரியும். அதையும் கவனிக்க வேண்டும். கடைசியாகச் சராசரி. எந்தப் படத்தில் இரைச்சல் குறைவோ அதற்கு எடை கூடுதல். நெபுலாவின் நடுவே நாலு நட்சத்திரங்கள் நெருக்கியிருக்கும் இடத்தில் எட்டங்குலக்காரர்தான் ராஜா. ஆனால் அவருடைய படம் வானத்தில் கொஞ்ச இடத்தைத்தான் பிடிக்கும். நெபுலாவைச் சுற்றிப் பரந்து கிடக்கும் மங்கிய தூசி முழுக்க அண்ணாச்சியின் சின்ன லென்ஸில்தான் வருகிறது. மையம் ஒருவருடையது, விளிம்பு மற்றவருடையது. (இதை வைத்து ஒரு கோட்பாட்டுக் கட்டுரை எழுதிவிடலாம். ரொலான் பார்த்தைத் துணைக்குக் கூப்பிடவும் வாகான இடம்தான். கூப்பிடப்போவதில்லை.)

சுவடி படித்தவனுக்கு இது வேற்று ஊர்ச் சமாசாரமாகத் தெரியாது. ஊர் ஊராகக் கிடந்த ஏடுகளைக் கூட்டி ஒப்பிட்டு ஒரு நூலை உண்டாக்கிய காரியம்தான். உ.வே.சாமிநாதையரின் சீவக சிந்தாமணிப் பதிப்பு 1887-இல் வந்தது. சி.வை.தாமோதரம் பிள்ளையின் கலித்தொகைப் பதிப்பும் அதே 1887-இல்தான். அந்த வருஷம் ஏப்ரலில் பாரிஸில், அங்குள்ள வானாய்வகத்தின் இயக்குநர் முஷே கூட்டிய மாநாட்டில், பல நாட்டு வானியலாளர்கள் கூடி ஒரு தீர்மானம் போட்டார்கள். வானம் முழுவதையும் பட்டை பட்டையாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையையும் ஓர் ஆய்வகத்திடம் ஒப்படைத்து, கண்ணாடித் தகடுகளில் படமெடுத்து ஒரே வானமாகச் சேர்ப்பது. ‘கார்த் து சியேல்’, அதாவது வானப் படம் என்று அதற்குப் பெயர். இந்த வருஷப் பொருத்தத்தில் நான் எந்த மர்மத்தையும் காணவில்லை. சிதறியதைத் திரட்டி முழுமை ஒன்றைக் காட்டிவிட வேண்டும் என்ற ஆசை அந்த நூற்றாண்டில் எல்லாத் துறையிலும் இருந்தது. அச்சும் புகைப்படமும் அதற்குக் கைகொடுத்தன.

ஆனால் இரண்டு காரியங்களுக்கும் நடுவே ஒரு முக்கியமான வேற்றுமை. ஒரு சொல்லுக்கு மூன்று பாடம் கிடைத்தால் பதிப்பாசிரியன் ஒன்றைத் தேர்ந்து மேலே வைப்பான், மற்றதை அடிக்குறிப்பில் போடுவான். மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்து எந்த ஏட்டிலும் இல்லாத நான்காவது சொல்லை எழுதினால் அதை நாம் இடைச்செருகல் என்போம், சண்டைக்கும் போவோம். வானப்படக்காரர் அதைத்தான் செய்கிறார். அவர் கடைசியில் வைக்கும் எண் எந்த ஒரு படத்திலும் இருந்ததில்லை. இருந்தும் அது நியாயமாக இருக்கிறது. ஏன்?

அண்ணாச்சி சொன்ன விளக்கம் என்னை ரொம்ப நாள் யோசிக்க வைத்தது. இரைச்சல் ஒவ்வொரு படத்திலும் தற்செயலாக விழுகிறது, ஒன்றில் கூடவும் ஒன்றில் குறையவுமாக. ஆகவே சேர்க்கச் சேர்க்க ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். நாலு படம் சேர்த்தால் இரைச்சல் பாதியாகும், பதினாறு சேர்த்தால் கால்வாசி. ஏடுகளில் இது நடக்காது. ஒருத்தன் செய்த பிழையைப் பார்த்து அடுத்தவன் எழுதினான், அவனைப் பார்த்து இன்னொருவன். பத்து ஏட்டில் ஒரே பாடம் இருந்தால் அது பத்துச் சாட்சி ஆகாது, ஒரே சாட்சியின் பத்து நகலாக இருக்கலாம். பெரும்பான்மை பார்த்துப் பாடம் தேராதே என்று பதிப்பியல் சொல்வது இதனால்தான்.

வானப்படத்திலும் இந்தச் சங்கடம் வேறு உருவில் இருக்கிறது. ராஜபாளையத்தில் ஆறு ராத்திரியும் ஒரே பக்கத்து விளக்குதான் எரிந்தது. ஆறு படத்திலும் வானம் ஒரே மூலையில் வெளுத்திருக்கிறது. அறுபது ராத்திரி எடுத்துச் சராசரி போட்டாலும் அந்த வெளுப்பு போகாது, இன்னும் துலக்கமாகத்தான் தெரியும். தற்செயலான பிழைக்குத்தான் சராசரி மருந்து. எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்து நிற்கிறபோது கூட்டம் பெருகப் பெருகச் சாய்வுதான் உறுதிப்படும். வேறொரு இடத்தில், வேறொரு கருவியில் எடுத்த படம் வந்தால்தான் அது சாய்வு என்பதே தெரியவரும். அதே கருவியில் நூறு படம் எடுப்பதைவிட வேறு கருவியில் பத்துப் படம் எடுப்பது சில சமயம் மேலானதாவது இதனால்.

1887-இன் பாரிஸ்காரர்கள் இந்த வேற்றுமையை முன்கூட்டியே ஒழித்துவிடப் பார்த்தார்கள். எல்லா ஆய்வகங்களிலும் ஒரே மாதிரித் தொலைநோக்கி: 33 சென்டிமீட்டர் வாய், சுமார் 3.4 மீட்டர் குவியதூரம். வானத்தில் ஒரு கலை தகட்டில் ஒரு மில்லிமீட்டர். தகட்டின்மேல் ஐந்து மில்லிமீட்டர்க் கட்டங்களாக ஒரு வலையையும் சேர்த்துப் பதித்துவிடுவது. அளவு ஒன்று, வலை ஒன்று. ஐரோப்பா, அல்ஜியர்ஸ், நன்னம்பிக்கை முனை, ஆஸ்திரேலியா, தென் அமெரிக்கா என்று வானம் பங்கு போடப்பட்டது. அண்ணாச்சியின் ஓரியன் நெபுலா ஸ்பெயினின் சான் பெர்னாண்டோ ஆய்வகத்தின் பட்டையில் வருகிறது.

வானத்தின் நடுக்கோட்டுக்குத் தெற்கே 17 முதல் 23 பாகை வரையுள்ள பட்டை முதலில் சிலி நாட்டின் சாந்தியாகோவுக்குப் போயிற்று. அங்கே வேலை முடியவில்லை. அது கடைசியில் வந்து சேர்ந்த இடம் ஹைதராபாத். நவாப் ஜாபர் ஜங் என்ற பிரபு, இங்கிலாந்திலிருந்து 15 அங்குல கிரப் தொலைநோக்கியை வரவழைத்து 1901-இல் தன் தோட்டத்தில் நிறுவிய ஆய்வகம் அது. அவர் 1907-இல் இறந்தபின் நிஜாம் அரசு ஏற்றுக்கொண்டது. 1919-இல் உஸ்மானியா பல்கலைக்கழகத்தின் கீழ் போயிற்று. வானப் படத்துக்குப் பயன்பட்டது எட்டங்குல குக் தொலைநோக்கி. பாரிஸ் சொன்ன பதிமூன்று அங்குலம் அல்ல. ஒரேமாதிரித் தொலைநோக்கி என்ற விதி இங்கே வந்ததும் நெளிந்துகொடுத்துவிட்டது. சாட்வுட் தொடங்கிவைக்க, போக்காக் நடத்த, 1918-இல் அவர் இறந்தபின் டி.பி.பாஸ்கரன் பொறுப்பேற்றுப் பல்லாண்டு இழுத்துச் சென்றார். 1914 முதல் 1929 வரை இந்தத் தென்பட்டை. பிறகு ஜெர்மனியின் பாட்ஸ்டாம் முடிக்காமல் விட்ட வடபட்டையில் ஒரு பகுதி, 36 முதல் 39 பாகை வரை. பன்னிரண்டு தொகுதிகள், ஏழரை லட்சத்துக்கு மேற்பட்ட விண்மீன் இடங்கள். ஓரியனின் காலடியில் கிடக்கும் முயல் மண்டலமும், சீரியஸுக்குக் கொஞ்சம் கீழே வெறுங்கண்ணுக்கு மங்கலாகத் தெரியும் விண்மீன் கூட்டமும் ஹைதராபாத்தின் பங்கில் வருபவை.

ஏழரை லட்சம் என்று எழுதிவிட்டு நகர்ந்துவிட முடியவில்லை. ஒவ்வொரு விண்மீனும் ஒருவர் நுண்ணோக்கியில் கண்ணை வைத்துக் கட்டத்தின் ஓரத்திலிருந்து அளந்தது. குறுக்கே ஒரு எண், நெடுக்கே ஒரு எண், பிரகாசத்துக்கு ஒரு எண். வத்திகான் ஆய்வகத்தின் பங்கை அளந்தவர்கள் நான்கு கன்னிகாஸ்திரீகள். 1910-இலிருந்து 1921 வரை ஏறக்குறைய 4,80,000 விண்மீன்கள். எமிலியா பொன்சோனி, ரெஜினா கொலம்போ, கொன்செத்தா பினார்தி, லுயிஜியா பன்சேரி என்ற அவர்களுடைய பெயர்கள் 2016-இல்தான் வெளியுலகத்துக்குத் தெரியவந்தன. தொண்ணூறு வருஷத்துக்கு மேல் அவர்கள் ஒரு பழைய புகைப்படத்தில் குனிந்து உட்கார்ந்திருந்த ‘சகோதரிகள்’ மட்டுமே. ஹைதராபாத் தொகுதிகளில் இயக்குநர் பெயர் முகப்பில் நிற்கிறது. அளந்த கண்களுக்கு முகப்பு கிடையாது. தமிழ்ப் பதிப்புகளில் ஏடு பார்த்து எழுதியவர்கள், கூட இருந்து வாசித்துக் காட்டியவர்கள் முகவுரையில் ஒரு வரியிலாவது வந்துவிடுகிறார்கள். அந்த மரியாதையை நாம் கொஞ்சம் குறைத்தே மதிப்பிட்டிருக்கிறோமோ என்று இப்போது படுகிறது.

இவ்வளவு உழைப்பும் வெகுகாலம் செத்த எண்களாகக் கிடந்தது என்பது இந்தக் கதையின் துயரமான பகுதி. பல ஆய்வகங்கள் தகட்டில் அளந்த குறுக்கு நெடுக்கு எண்களை அப்படியே அச்சிட்டுவிட்டன. அவற்றை வானத்தின் முகவரியாக மாற்ற ஆதார நட்சத்திரங்கள் வேண்டும், நம்பகமான பட்டியல் வேண்டும். அது அப்போது இல்லை. மங்கிய நட்சத்திரங்களின் படங்களையே தனி வரைபடமாக வெளியிடும் இரண்டாவது திட்டம் முடியவே இல்லை. பெரிய கனவு, பாதியில் நின்ற அச்சு, அலமாரித் தூசி. நம் ஊர் இலக்கிய இயக்கங்களின் சரித்திரம் போலவே இருக்கிறது!

பிறகு ஒன்று நடந்தது. மாஸ்கோவின் ஸ்டெர்ன்பர்க் நிறுவனத்தில் உட்கார்ந்து அத்தனை தொகுதிகளையும் எண் எண்ணாகக் கணினியில் ஏற்றினார்கள். ஹிப்பார்க்கஸ் செயற்கைக்கோள் அளந்த துல்லியமான இடங்கள் 1997-இல் வெளியாயின. அவற்றை ஆதாரமாக வைத்து அமெரிக்கக் கடற்படை வானாய்வகம், 22,000 தகடுகளுக்கு மேல் உள்ள அந்தப் பழைய வானத்தைத் திரும்பக் கணக்கிட்டது. அப்போதுதான் ஒவ்வொரு ஆய்வகத்தின் சாய்வும் தெரிந்தது. ஒன்றில் தகட்டின் ஓரத்தில் புள்ளிகள் வால் முளைத்து விலகின. இன்னொன்றில் பிரகாசமான நட்சத்திரங்கள் மட்டும் ஒரு பக்கமாக நகர்ந்திருந்தன. ஒரே மாதிரித் தொலைநோக்கிகள் என்று சொல்லப்பட்டவை ஒவ்வொன்றுக்கும் தனித் தனிக் கோணல். அதை ஆய்வகம் ஆய்வகமாகத் திருத்தி 46 லட்சம் நட்சத்திரங்களின் பட்டியல் வந்தது. 2000-இல், இந்தப் பழைய இடங்களையும் வேறு 143 தரைப் பட்டியல்களையும் செயற்கைக்கோள் அளவுகளோடு சேர்த்து, 25 லட்சம் நட்சத்திரங்கள் எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாக நகர்கின்றன என்று சொல்லும் டைக்கோ-2 பட்டியல் வெளியானது. செயற்கைக்கோள் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அது பார்த்தது மூன்றரை வருஷம்தான். நகர்வைக் காண காலம் வேண்டும். அந்தக் காலத்தைக் கொடுத்தது ஹைதராபாத்தில் 1914-இல் ஒருவர் குனிந்து அளந்த எண்.

அந்தப் பட்டியலில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் எத்தனை இடங்களைக் கொண்டு நகர்வு கணக்கிடப்பட்டது, அவை ஒன்றுக்கொன்று எவ்வளவு பொருந்தின, எவ்வளவு பிழை இருக்கலாம் என்று பக்கத்திலேயே போட்டிருக்கிறார்கள். இதுதான் அடிக்குறிப்பு. அண்ணாச்சியின் அழகான ஓரியன் படத்தில் இது கிடையாது. அழகான படம் தன்னுடைய பாடபேதங்களைத் தின்றுவிடுகிறது. விண்வெளி நிறுவனங்கள் வெளியிடும் வண்ணப் படங்களும் இந்த வகைதான். 2017-இல் வந்த நண்டு நெபுலாப் படம் ஐந்து தொலைநோக்கிகளைச் சேர்த்தது. ரேடியோ அலைக்கு ஒரு நிறம், அகச்சிவப்புக்கு ஒரு நிறம், எக்ஸ் கதிருக்கு ஒரு நிறம் என்று மனிதர்கள் கொடுத்தவை. அந்த எக்ஸ் கதிர்த் தொலைநோக்கிக்குச் சந்திரா என்று பெயர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகரின் பெயர். படத்துக்குக் கீழே நிறப்பட்டியல் ஒன்று கொடுக்கிறார்கள்தான். படம் பகிரப்படும்போது முதலில் உதிர்வது அதுதான்.

கொடைக்கானல் கதையையும் சொல்ல வேண்டும். எங்கள் மலைக்கு வடக்கே இருக்கிற ஆய்வகம். 1899-இல் தொடங்கி, 1904 முதல் 2007 வரை சூரியனைக் கால்சியம் ஒளியில் நாள்தோறும் படமெடுத்தார்கள். சூரியனுக்கு ஒரு முழுப் படம் என்பதே அங்கே ஒட்டுப்போட்டதுதான். மெல்லிய பிளவு ஒன்று சூரியன்மேல் நகர்ந்துபோகப் போகப் படம் கோடு கோடாகச் சேரும். மழையும் மேகமும் உள்ள நாட்களில் விழும் ஓட்டையை அடைக்க பிரான்சின் மியூடனிலிருந்தும் கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சனிலிருந்தும் படங்கள் வாங்கினார்கள். கலிபோர்னியாவில் ராத்திரி என்றால் இங்கே பகல். ஆக, சேர்ப்பது என்பது கணினி வந்தபின் வந்த வித்தை அல்ல.

இந்த மாதிரி உலகத்தின் நாற்பதுக்கும் மேற்பட்ட தொகுப்புகளை ஒன்றாக்கி 1892 முதல் 2019 வரை சூரியனின் நடத்தையைச் சொல்லும் ஒரு வரிசை 2020-இல் வெளியானது. சங்கடம் என்னவென்றால் ஒவ்வோர் இடத்திலும் பிளவின் அகலம் வேறு, ரசாயனம் வேறு. எவ்வளவு வெளிச்சத்துக்குத் தகடு எவ்வளவு கறுக்கும் என்ற அளவுகோல் பெரும்பாலான தகடுகளில் பதியப்படவே இல்லை. அதற்குக் கண்டுபிடித்த வழி, சூரியனில் கொந்தளிப்பு இல்லாத அமைதியான பகுதி எல்லாக் காலத்திலும் ஒரே மாதிரி இருக்கும் என்று வைத்துக்கொண்டு, அதை அளவுகோலாக்குவது. அமைதியாக இருப்பது மாறாது என்ற அனுமானத்தின்மேல்தான் நூறு வருஷக் கொந்தளிப்பின் அளவு நிற்கிறது. வேறு வழி இல்லை என்பது புரிகிறது. ஆனாலும் அரசியல் பேசிப் பழகிய மனசு அந்த இடத்தில் கொஞ்சம் தயங்குகிறது. கொடைக்கானல் தகடுகளில் சில, படியெடுக்கும்போது திரும்பிக் கிடந்ததும், சிலவற்றில் குறித்த நேரம் பொருந்தாததும் பிற்பாடு கண்டு திருத்தப்பட்டன. பக்கத்தில் வைத்துப் பார்க்க வேறு ஊர்த் தகடு இருந்ததும் இதற்கு உதவியது.

நிராகரிப்பு பற்றி இன்னும் சொல்லவில்லை. படங்களை அடுக்கும்போது ஒவ்வொரு புள்ளியிலும் சராசரியிலிருந்து ரொம்பத் தள்ளிநிற்கும் எண்ணை மென்பொருள் வெட்டி எறிந்துவிடும். விமானம், செயற்கைக்கோள் எல்லாம் இப்படித்தான் மறைகின்றன. ஒரே ஒரு படத்தில் மட்டும் இருப்பது பிழை என்பது விதி. 1867-இல் சென்னை வானாய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, பஞ்சாங்கக் குடும்பத்துப் பிள்ளை, ஒரு விண்மீன் ஒரு சமயம் இருந்த மாதிரி இன்னொரு சமயம் இல்லை என்று கவனித்தார். ஆர் ரெட்டிகுலி என்ற மாறும் விண்மீன் அப்படித்தான் அறியப்பட்டது. அதே ஆய்வகத்தில் 1861-இல் போக்சன், மற்ற புள்ளிகள் நிற்க ஒரு புள்ளி மட்டும் நகர்வதைக் கண்டு ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து அதற்கு ஆசியா என்று பெயர் வைத்தார். இருவரும் பார்த்தது ஒரு ராத்திரிக்கும் மறு ராத்திரிக்கும் உள்ள பேதம். அவர்கள் பார்த்த வானத்தை அடுக்கிச் சராசரி எடுத்திருந்தால் ஒன்று மங்கலான நடுத்தர நட்சத்திரமாகியிருக்கும், மற்றது இல்லாமலே போயிருக்கும்.

எங்கள் ஊர் ஆண்டாளுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. திருப்பாவையின் பதின்மூன்றாம் பாசுரத்தில் விடியலில் சுக்கிரன் உதித்ததும் குரு அடங்கியதும் வருகிறது. அதை ஒரு நாளின் வானமாகக் கொண்டு மு.இராகவையங்கார் ‘ஆழ்வார்கள் காலநிலை’யில் கி.பி. 731 என்று காலம் கணித்தார். கணக்கு கெட்டிக்காரத்தனமானது. ஆனால் மார்கழி விடியலில் இவர் கிழக்கே எழ அவர் மேற்கே சாய்வது பல முறை வரக்கூடியது. ஒற்றைத் தகட்டை வைத்துத் தேதி சொன்னால் தகட்டின் சாய்வு நமக்குத் தெரியாது. அது பார்த்து எழுதியதா, பாட்டு மரபின் விடியற்காட்சியா என்பதும் தெரியாது. மொழிநடை, கல்வெட்டு, பெரியாழ்வார் பாசுரங்களில் வரும் பாண்டியன் குறிப்பு என்று வேறு வேறு கருவிகளில் எடுத்த படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாக வேண்டும். வைக்கும்போது எது எதற்கு எவ்வளவு எடை கொடுத்தோம் என்று எழுதியும் வைக்க வேண்டும். நம் இலக்கிய வரலாறுகள் முடிவை மட்டும் எழுதுகின்றன, எடையை எழுதுவதில்லை. எழுதியிருந்தால் பாதிச் சண்டை வந்திருக்காது, மீதிச் சண்டை உருப்படியாக நடந்திருக்கும்.

அண்ணாச்சியின் படம் பிறகு ஒரு கண்காட்சியில் வைக்கப்பட்டது. கீழே எட்டங்குலக்காரர் பெயர் மட்டும் இருந்தது. பெரிய தொலைநோக்கிதானே என்று நடத்தியவர்கள் நினைத்திருக்கலாம். அண்ணாச்சி கோபப்படவில்லை, எனக்குத்தான் வந்தது. “விடுங்க தம்பி, சைபர் வெயிட்டுக்கு என்ன பேரு” என்று சிரித்தார். அந்தப் படத்தின் ஓரத் தூசி முழுக்க அவருடையது என்று கண்காட்சியில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

போன வாரம் போனபோது கம்ப்யூட்டரில் தனி ஃபோல்டர் ஒன்றைத் திறந்து காட்டினார். அடுக்கும்போது மென்பொருள் வெட்டித் தள்ளியவற்றை ராத்திரி வாரியாகச் சேர்த்து வைக்க ஆரம்பித்திருக்கிறார். பெரும்பாலும் செயற்கைக்கோள் கோடுகள். நாலாம் ராத்திரியில் ஒரு கோடு மட்டும் தொடக்கத்தில் மெலிந்து, நடுவே பருத்து, பச்சையாக இருந்தது. எரிகல்லாக இருக்கலாம் என்றார். மலைக்காரர் அதே ராத்திரி எடுத்த படங்களின் கழிவைக் கேட்டு எழுதியிருக்கிறார். அவர் அதை வைத்திருக்கிறாரா, அழித்துவிட்டாரா என்று இன்னும் பதில் வரவில்லை.